பூவே பஞ்சாங்கம்

ஆஸ்திரேலியாவின் வடபாகத்தில் காக்கடு என்றொரு பிரதேசம் உளது. அங்கே வாழும் பூர்வ குடிகளான பினிஞ்சு மக்கள் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பகுத்திருக்கின்றனர். 1788-ல் அத்தேசத்தில் குடியேறத் தொடங்கிய வெள்ளையரோ, தங்கள் நாட்டு நான்கு பருவங்களையும் கப்பலில் ஏற்றிவந்து இறக்கினார்கள். இலை உதிர்க்கும் சுதேச மரங்கள் அரிதாயுள்ள நாட்டில் இலையுதிர்காலம்! வேடிக்கைதான்.

பினிஞ்சு மக்களின் பருவங்கள் தேதி பார்த்து வருவன அல்ல. பெருமழைக் காலத்தில் ஈட்டிப்புல் ஆள் உயரத்தை மிஞ்சி வளர்கிறது. ஏப்ரல் மாத வாக்கில் சூறைக்காற்று அப்புல்லைத் தரையோடு சாய்த்துவிட்டால், ‘பங்கெரெங்’ பருவம் வந்துவிட்டதென்று அறிகிறார்கள். அப்பால் காலைப் பனிமூட்டமும், நீர்நிலைகளில் அல்லியுமாக ‘யெக்கே’ பிறக்கிறது. அச்சமயம் யூகலிப்டஸ் இனத்து மரமொன்றில் செம்மஞ்சள் நிறப் பூக்கள் மலரும். காட்டில் தீயிடுவதற்கு அதுவே உத்தரவு.

தீயிடுவதா என்று நேயர்கள் திடுக்கிட வேண்டாம். அப்போது புல் பாதியே உலர்ந்திருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும். ஆகவே நெருப்பு தாழ எரிந்து, இரவுப் பனியில் அநேகமாகத் தானே அணைந்துவிடும். எரிந்த இடமும் எரியாத இடமும் விரவிக் கிடப்பதால், கோடையின் கடைசியில் மூளும் பெருந்தீ பரவ வழியின்றி நிற்கிறது. பூ மலரும் பருவம் தவறினால் காரியமும் தவறும்.

மற்றோர் அடையாளமும் கேட்கத்தக்கது. காக்கடுவின் தென்மேற்கே டேலி நதிக்கரையில் வாழும் மலக்மலக் மக்கள், நம் கோங்கிலவுக்கு உறவான ஒரு செடி மஞ்சளாகப் பூத்ததும், நன்னீர் முதலை மணலில் முட்டையிடும் காலம் வந்ததென்று அறிந்துகொள்கிறார்கள். முட்டை அவர்களுக்கு உணவு. நதிக்கரை முழுவதும் தோண்டிப் பார்க்கும் சிரமத்தைச் செடி மிச்சப்படுத்துகிறது!

இருபதாம் நூற்றாண்டில் காக்கடுவின் கிழக்கேயுள்ள ஆர்னெம் பீடபூமி வாசிகள் பாதிரிமார் குடியிருப்புகளுக்கும் ஊர்களுக்கும் பெயர்ந்து போயினர். பூக்கள் வழக்கம்போலவே மலர்ந்தன. பார்த்துத் தீயிட ஆளில்லை. கோடைதோறும் பெருநெருப்பு மூண்டு, தீயைத் தாங்காத மரங்களைத் தின்றது. ஒரு காலத்தில் இம்மக்களை அநாகரிகர் என்று இகழ்ந்த சமூகமே பின்னர் அவர்களுடைய உதவியை நாட நேர்ந்தது. 2006-ல் எரிவாயுக் கம்பெனி ஒன்றும் வட பிரதேச அரசாங்கமும் பீடபூமியின் பூர்வ குடிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டன. கோடையின் துவக்கத்திலேயே சிறுதீ இட்டுப் பெருந்தீயின் புகையைக் குறைப்பது அவர்கள் ஏற்ற பணி. அதற்குப் பணம் கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு. முதியோர் வழிகாட்ட, இளைஞர்கள் கால்நடையாகவும் ஹெலிகாப்டரிலிருந்தும் இப்பணியைச் செய்து வருகின்றனர்.