கோப்பின் உரிமையாளர் யார்?

குருநகர் இறங்குதுறையில் கட்டியிருக்கும் படகுகளில் பதிவெண் எழுதியிருக்கும். அதன் முடிவில் யாழ்ப்பாண மாவட்டத்துக்குரிய 'ஜே.எஃப்.என்.' வரும். உரிமையாளரின் பெயரோ கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கும். படகு கைமாறினால் படகில் எதுவும் மாறாது. பதிவேட்டில்தான் பெயர் மாறும். லினக்ஸ் கணினியில் கோப்பு கைமாறுவதும் இப்படித்தான்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் 'ஐநோட்' என்ற பதிவு உண்டு. அளவு, திருத்திய நேரம், அனுமதிகள் ஆகியவற்றோடு உரிமையாளரின் எண்ணும் குழுவின் எண்ணும் அதில் இருக்கும். பெயர் இராது. எண்ணுக்குரிய பெயரைக் கணினி வேறொரு பட்டியலில் பார்த்துக்கொள்ளும். உபுண்டுவில் முதற் பயனரின் எண் 1000, அடுத்தவருக்கு 1001. நிர்வாகியான 'ரூட்' எப்போதும் 0.

ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதியவர் விலகினார், அவருடைய பயனர் கணக்கையும் நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொது அடைவில் அவர் வைத்த கோப்புகள் அப்படியே இருக்கும். 'எல்எஸ் -எல்' என்ற கட்டளையால் பட்டியல் கேட்டால் பெயருக்குப் பதிலாக 1001 மட்டும் தெரியும். பின்னர் வேறொருவருக்கு அதே எண் கிடைத்தால், அக்கோப்புகள் அத்தனையும் கேளாமலே அவருடையவை ஆகிவிடும்.

இதைச் சீராக்கும் கட்டளை 'சௌன்'. 1971இல் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இது இருக்கிறது. கட்டளையை அடுத்துப் புதிய உரிமையாளரின் பெயர், பிறகு கோப்பின் பெயர். உரிமையாளரை அடுத்து முக்காற்புள்ளியிட்டுக் குழுவின் பெயரை எழுதினால் குழுவும் மாறும். '-ஆர்' என்று பெரிய எழுத்தில் சேர்த்தால் அடைவுக்குள் இருக்கும் அனைத்தும் மாறும்.

லினக்ஸில் கோப்பின் உரிமையாளரேகூட அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. முடிந்தால், தன் வட்டு ஒதுக்கீட்டைத் தாண்டியவர் கோப்புகளைப் பிறர் பெயரில் ஏற்றிவிடலாம். அதனால் அந்த அதிகாரம் நிர்வாகியிடம் இருக்கிறது. 'சுடோ' என்று தொடங்கித்தான் கட்டளையிட வேண்டும்.

அந்த அதிகாரத்தோடு '-ஆர்' சேரும்போது மிகுந்த கவனம் தேவை. தவறுதலாக முழு வட்டின் வேரடைவைக் கொடுத்துவிட்டால் இயங்குதளத்தின் கோப்புகளும் கைமாறும். 'சுடோ'வே வேலை செய்யாமல் போகும். '--ஃப்ரொம்=1001' என்று சேர்த்தால் அந்த எண்ணுக்குரியவை மட்டுமே மாறும்.

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்தவுடன் பலரும் 777 என்று எல்லோருக்கும் அனுமதியைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் சங்கத்தின் கணக்கைத் திருத்தலாம். கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பொறுப்பானவரின் பெயருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.