விழுந்த தென்னையும் விழாத நம்பிக்கையும்



"நல்லதையே நினையுங்கள், நல்லதே நடக்கும்." "பணம் என்னைத் தேடி வருகிறது என்று தினமும் காலையில் ஏழுமுறை சொல்லுங்கள்." இப்படிப்பட்ட செய்திகள் இன்று நம் கைபேசியில் விடிவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. "இது உங்களுக்கு இரட்டிப்பு ஆசீர்வாதத்தின் ஆண்டு" என்று தொலைக்காட்சியில் முழங்குகிறார்கள். நம் பங்குமக்களிலும், "சாமி, உறுதியா நம்பினா கடன் தீர்ந்துடுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் ஏளனம் செய்துவிடக் கூடாது. வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது ஒரு தாயின் நெஞ்சிலிருந்து எழும் கேள்வி அது.

வளமாக வாழ நினைப்பது தவறா? இல்லவே இல்லை. ஆடுகள் வாழ்வு பெறவும், அதை நிறைவாகப் பெறவுமே வந்ததாக நம் ஆண்டவர் கூறுகிறார் (யோவான் 10:10). அப்படியானால் அந்த நிறைவை அடையும் வழி எது? நம்பிக்கையின் பங்கு என்ன? நல்ல எண்ணத்தின் பங்கு என்ன? சற்றுச் சிந்திப்போம்.

எங்கிருந்து வந்த சிந்தனை?

1952-ஆம் ஆண்டு அமெரிக்கப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் நேர்மறைச் சிந்தனையின் ஆற்றல் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. 2006-இல் வெளிவந்த 'தி சீக்ரெட்' என்ற நூல், நாம் எதை எண்ணுகிறோமோ அதையே பிரபஞ்சம் நம்மிடம் ஈர்த்துத் தரும் என்று கூறியது. இதற்கு இணையாக, காணிக்கையை விதையாக விதைத்தால் பல மடங்கு பணமாக அறுவடை செய்யலாம் என்ற போதனையை ஓரல் இராபர்ட்ஸ் போன்ற அமெரிக்கப் போதகர்கள் பரப்பினார்கள். நம் ஊர் மேடைகளிலும் இன்று அது கேட்கிறது.

நம் மண்ணிலும் எண்ணத்தின் ஆற்றலைப் பேசியவர் உண்டு. மயிலாடுதுறை அருகே விளநகரில் பிறந்த டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தி எழுதிய 'எண்ணங்கள்' என்ற நூல் தமிழ் இளைஞர்கள் பலரைத் தட்டி எழுப்பியது. ஆனால் அவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் இருந்தவர், தாயகம் திரும்பி 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். நல்ல எண்ணம் ஊருக்கான உழைப்பாக மாற வேண்டும் என்பதை அவருடைய வாழ்வே காட்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

கஜா கேட்ட கேள்வி

2018 நவம்பர் 16. நள்ளிரவு கடந்த நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வீசிய காற்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களைச் சூறையாடியபடி மேற்கே சென்றது. விடிந்தபோது இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

தென்னங்கன்றை நாம் 'பிள்ளை' என்றுதான் சொல்கிறோம். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்பது நம் பழமொழி. 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டு, ஏக்கருக்கு எழுபது பிள்ளைகள். நெட்டை இரகமானால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் அறுபது ஆண்டுகள் வரை அது குடும்பத்தைத் தாங்கும். மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்தத் தோப்பை நம்பித்தான் இருந்தன. அவ்வளவும் ஓர் இரவில் போனது. துயரம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகள் பற்றிய செய்திகளும் வந்தன.

நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அன்றிரவு யாருடைய மரம் தப்பியது? நாள்தோறும் செபமாலை சொன்னவரின் தோப்பும் சாய்ந்தது. கோவிலுக்கே வராதவரின் தோப்பும் சாய்ந்தது. நல்லதையே நினைத்தவருக்கும் அதே காற்று, கெட்டதை நினைத்தவருக்கும் அதே காற்று. 'உறுதியாக நம்பினால் இழப்பே வராது' என்ற போதனைக்கு அன்றைய காலைப்பொழுதில் பதில் இல்லை. இன்னும் கொடியது, 'உன் நம்பிக்கை குறைவு, அதனால்தான் இழந்தாய்' என்று அது சொல்லாமல் சொல்வது. விழுந்தவர் மேல் இன்னொரு மரத்தைச் சாய்ப்பது போன்றதல்லவா இது?

ஆண்டவர் இத்தகைய எண்ணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று தெளிவாகக் கூறினார் (லூக்கா 13:4-5). வானகத் தந்தை நல்லோர் தீயோர் இருவர்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறார், மழையையும் பெய்யச் செய்கிறார் என்றார் (மத்தேயு 5:45). யோபுவின் துன்பத்துக்கு அவருடைய பாவமே காரணம் என்று வாதிட்ட நண்பர்களை இறைவன் கண்டித்தார் (யோபு 42:7).

சிறையிலிருந்து வந்த வரிகள்

தமக்கு வலுவூட்டுகிறவர் துணையால் எதையும் செய்ய முடியும் என்று புனித பவுலடியார் கூறும் வசனம் (பிலிப்பியர் 4:13) நம் வீட்டுச் சுவர்களிலும் வாகனங்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பவுலடியார் அதை எங்கிருந்து எழுதினார்? சிறையிலிருந்து. அதற்கு முந்தைய இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். வயிறார உண்ணவும் பட்டினி கிடக்கவும், நிறைவிலும் குறைவிலும் வாழவும் தாம் கற்றுக்கொண்டதாக அவர் சொல்கிறார். எந்த நிலை வந்தாலும் நொறுங்கிப் போகாத வலிமையைத்தான் அவர் பேசுகிறார். அந்த வலிமை பணத்தால் வருவதன்று. பணம் போனாலும் போகாதது.

எதிர்நோக்கும் பகற்கனவும்

2025-ஆம் யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற கருப்பொருளைத் திரு அவை நமக்குத் தந்தது. எதிர்நோக்கு என்னும் புண்ணியத்துக்கு இரண்டு பகைவர்கள் உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். ஒன்று, 'இனி எதுவும் இல்லை' என்ற அவநம்பிக்கை. மற்றொன்று, 'நான் எதுவும் செய்யாவிட்டாலும் கடவுள் செய்தாக வேண்டும்' என்ற மிதமிஞ்சிய துணிச்சல். முதலாவது நம்மை மரத்தடியிலேயே உட்கார வைத்துவிடும். இரண்டாவது, கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லும்.

இன்றைய உளவியலும் இதற்கு ஒத்துப்போவது வியப்பு. ஜெர்மனியில் பிறந்த உளவியல் பேராசிரியை கேப்ரியேல் ஓட்டிங்கன், உடல் எடை குறைக்கும் பயிற்சியில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்து 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டார். 'நம்மால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் அதிகமாக எடை குறைந்தார்கள். ஆனால் எடை குறைந்துவிட்டதாகவே இனிமையாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள் குறைவாகவே பயன் பெற்றார்கள். அடைந்துவிட்டதாக மனம் நம்பினால் கையும் காலும் சோம்பிவிடுகின்றன. இலக்கையும் அதன் வழியிலுள்ள தடையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதும் (லூக்கா 14:28) இதையே நமக்கு உணர்த்துகிறது.

விதைநெல் சொல்லும் பாடம்

விதை என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களான நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பசித்தாலும் விதைநெல்லைக் குற்றித் தின்னாத மரபு நம்முடையது. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்தான் ஒரத்தநாட்டு வயல்களுக்கு ஆற்றுநீரைக் கொண்டுவந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்க இயலவில்லை. அப்போதும் நம் உழவர்கள் வயலை விட்டுவிடவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ளவர்கள் குறுவை செய்தார்கள். மற்றவர்கள் மழையைப் பார்த்துச் சம்பாவுக்கு விதைத்தார்கள். 'தண்ணீர் கட்டாயம் வரும்' என்ற உத்தரவாதம் அவர்களிடம் இல்லை. எதிர்நோக்கு இருந்தது, அந்த எதிர்நோக்கு நாற்றங்கால் தயாரித்தது.

'விதைக் காணிக்கை' கேட்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது மலாக்கி 3:10. பத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் பகுதி அது. அந்தக் களஞ்சியம் யாருக்காக? லேவியருக்கும் அந்நியருக்கும் அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு உணவாக வேண்டும் என்று இணைச்சட்ட நூல் சொல்கிறது (14:28-29). கொடுப்பவரைப் பணக்காரராக்கும் முதலீடாக அது ஏற்படுத்தப்படவில்லை. இல்லாதவரின் பசி தீரவே ஏற்படுத்தப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற மடலில், பிறர்மீது பொறுப்பில்லாத 'வளமை இறையியல்' பற்றி நம்மை எச்சரித்ததும் இதனால்தான்.

இழந்தவர் தந்த வளமை

வளமைக்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் நிற்கிறது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியவர் இரண்டாம் சரபோஜி மன்னர். 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சியதிகாரம் அவர் கையைவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. நாட்டை இழந்த அந்த மன்னர், சத்திரங்களின் அறப்பணி மட்டும் நின்றுவிடக் கூடாது என்று ஆங்கிலேய அதிகாரியிடம் வேண்டிக்கொண்டார். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்களில் சோறு கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தது. இழந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருப்பவர் ஏழையாகிறார். இருப்பதைக் கொண்டு யாருக்கு உதவலாம் என்று எண்ணுகிறவர் செல்வராகிறார். பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிட்ட செல்வனை ஆண்டவர் அறிவிலி என்றது ஏன்? (லூக்கா 12:16-21). அவனுடைய திட்டத்தில் 'நான்' மட்டுமே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. செபத்தோடு கணக்கையும் தொடங்குவோம். நகைக் கடன், குழுக் கடன், கைமாற்று அனைத்தையும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே தாளில் எழுதுவோம். மறைத்து வைத்த கடன்தான் மனத்தை அதிகம் அரிக்கிறது.

2. கந்துவட்டிக்குப் பயந்து ஒளிய வேண்டாம். அதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிட நமக்கு உரிமை உண்டு.

3. பயிர்க் காப்பீட்டை நாள் தவறாமல் செய்வோம். கஜாவுக்குப் பின் அரசு தந்தது, மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும். எழுபது மரம் விழுந்தவருக்கு 77,000 ரூபாய். ஆறேழு ஆண்டு வருமானத்துக்கு அது ஈடாகுமா? யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்தது நம்பிக்கைக் குறைவால் அன்று (தொடக்க நூல் 41). யோசேப்பைப் போல முன்கூட்டியே ஆயத்தமாவதும் நம்பிக்கையே.

4. ஒரே பயிரை நம்பியிராமல், தென்னை காய்க்கும்வரை இடையில் வாழை, உளுந்து, எள் என்று பயிரிடுவோம்.

5. அன்பியக் கூட்டத்தில் செபித்து முடித்ததும், 'இந்த வாரம் நம் தெருவில் யாருக்குக் கஷ்டம்?' என்று ஒரு கேள்வி கேட்போம். 'உன் நம்பிக்கை குறைவு' என்ற சொல் மட்டும் நம் வாயிலிருந்து வர வேண்டாம்.

6. வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனிருப்போம். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்க உதவுவோம்.

அன்பார்ந்தவர்களே, கஜாவுக்கு அடுத்த ஆண்டு நட்ட நெட்டைக் கன்றுகள் இப்போது பாளை விட்டுக் காய்க்கும் பருவத்தில் இருக்கின்றன. மீண்டும் புயல் வராது என்று நம்பி யாரும் அவற்றை நடவில்லை. வந்தாலும் நடுவோம் என்று நம்பியே நட்டார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை தரும் வளமான மனம் அதுவே.

செபிப்போம்: அன்புத் தந்தையே, எங்கள் உழைப்பை ஆசீர்வதியும். நிறைவில் பகிரவும், குறைவில் தளராதிருக்கவும் கற்றுத்தாரும். விழுந்தவரைத் தூக்கிவிடும் கைகளாக எங்கள் கைகளை மாற்றியருளும். ஆமென்.