‘ஒரே ஒரு ரவுண்டு மச்சி!’ - வீட்ல பெரியவங்க இல்லாதப்போ பைக் சாவி பத்திரம்!

அப்பா, அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. வீட்டுக்கு வந்த ஃப்ரெண்டு, ‘ஒரே ஒரு ரவுண்டு மச்சி’னு அப்பாவோட பைக் சாவியைக் கேட்கிறான். என்ன செய்வீங்க?

18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிச் சிக்கினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அவருடைய பெற்றோரோ, வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவார்கள். அதாவது, உங்க அப்பாவும் மாட்டலாம். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை. வண்டிப் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அதனால, நண்பர்கள் வர்றதுக்கு முன்னாடியே சாவியைப் பீரோவுல வெச்சுப் பூட்டிடுங்க. அடம்பிடிச்சா, எல்லார் முன்னாடியும் சண்டை போடாம தனியா கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்க. அப்பவும் கேட்கலையா? பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிடத் தயங்காதீங்க. ஃப்ரெண்டு ரெண்டு நாள் பேசாம இருப்பான், அவ்வளவுதான்!