ரவாஸியும் மர்ஸாவும்: செஞ்சியிலிருந்து ஆலம்பரைக்கு

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் ராஜகிரியின் உயரத்தை வியந்து, 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அம்மலையை ஆண்டோரின் வரலாற்றில் ஒரு பகுதி கடலோரத்தில் கிடப்பதைப் பலரும் எண்ணுவதில்லை. திண்டிவனம், மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கடப்பாக்கம், அதனருகே ஆலம்பரை.

கப்பல் நங்கூரமிட்டு நிற்கும் இடத்தை அரபியர் 'மர்ஸா' என்பர். எகிப்தின் மர்ஸா மத்ரூஹ், அல்ஜீரியாவின் மர்ஸல் கபீர் என மத்தியதரைக் கடலோர ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. திருக்குர்ஆன் மலைகளைக் குறிக்க ஆளும் 'ரவாஸி' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. நிலைத்து நிற்றல் என்பதே அவ்வேரின் பொருள்.

மத்தியதரைக் கடலின் மர்ஸாக்களில் நிலமே வளைந்து அலையைத் தடுக்கிறது. சோழமண்டலக் கரையில் அத்தகைய வளைவுகள் அரிது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நிற்க, படகுகளே சரக்கை ஏற்றியிறக்கின. அப்படகுகளுக்குப் புகலிடம் கழிமுகங்கள். ஆலம்பரையில் மணல்திட்டு அலையைத் தடுக்க, உள்ளே கழிநீர் அசைவின்றிக் கிடக்கிறது. இப்பகுதியின் பெயரே இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரினர்.

1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னர் கர்நாடக நவாபுகளின் காலத்தில் ஆலம்பரை துறைமுகமாகவும் நாணயச் சாலையாகவும் சிறந்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்தார். அவ்வாண்டே முஸப்பர்ஜங் ஆலம்பரையைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். 1760இல் ஆலம்பரையும் 1761இல் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. இரண்டின் விதியும் ஒன்றாகவே நடந்திருப்பது நோக்கத்தக்கது.

ஆயின் செஞ்சி கருங்கல். ஆலம்பரையோ செங்கல்லும் சுண்ணாம்பும். ஆங்கிலேயர் இடித்தது போக எஞ்சியதை 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. இன்று உடைந்த மதில்களின் கீழ் மீனவர் படகுகளே அசைகின்றன.

செஞ்சி 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும், மலையை மட்டும் காணும் மாணவர் நம் முன்னோரின் ஆட்சியைப் போராகவே அறிவர்; துறையைக் கண்டால்தான் அதன் வணிகத்தையும் நாணயத்தையும் அறிவர். மாணவர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அம்மதில்கள் முற்றும் உதிருமுன் ஆலம்பரைக்கும் அரைநாள் ஒதுக்குவார்களாக.