கோடுகள் காட்டிக்கொடுக்கும் கோளாறு

கிராபிக்ஸ் கார்டு சாகத் தொடங்கினால் திரை அலங்கோலமாகும் என்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்த அலங்கோலத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரே இடைவெளியில் செங்குத்துக் கோடுகள், வரிசை பிசகாத கட்டங்கள், எழுத்துகளுக்கு நடுவே அளந்து வைத்தாற்போலப் பச்சைப் புள்ளிகள். கெட்டுப்போன பொருள் ஏன் இத்தனை ஒழுங்காகக் கெடுகிறது?

திரையில் நாம் காணும் படம் முதலில் கார்டின் மெமரியில் எண்களாக எழுதப்படுகிறது. முழு எச்டி திரை என்றால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அத்தனையும் படிக்கப்பட்டுத் திரைக்குப் போகின்றன. படத்தை வரைவதற்கோ கார்டு இதைவிடப் பல மடங்கு அதிகமாக மெமரியைப் படித்து எழுத வேண்டும்; அந்த வேகத்துக்கு ஒரே சிப்பால் ஈடுகொடுக்க முடியாது. 256 பிட் கார்டில் வழக்கமாக எட்டு மெமரி சிப்கள், ஒவ்வொன்றுக்கும் 32 தடங்கள். படத்தைத் துண்டு துண்டாக்கி எட்டுக்கும் மாற்றி மாற்றிப் பங்கிடுவார்கள். அதில் ஒரு சிப் மக்கர் செய்தால் அதன் பங்குக்கு வந்த துண்டுகள் மட்டும் திரை நெடுகச் சீரான இடைவெளியில் கெடும். ஒரே ஒரு தடம் விட்டுப்போனால், அதில் பயணிக்கும் பிட் எந்த நிறத்தைச் சேர்ந்ததோ அந்த நிறம் மட்டும் பிசகும்.

ஆகவே ஸ்குரூடிரைவரை எடுக்குமுன் திரையைப் படிக்க வேண்டும். கோடுகள் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடுகள் இருந்தால் கோளாறு மெமரியிலோ கிராபிக்ஸ் சிப்பிலோ டிரைவர் மென்பொருளிலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன, வழியில்தான் ஏதோ கெடுகிறது: கேபிள், மானிட்டர், கார்டின் வெளியீட்டு முனை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் மதர்போர்டு லோகோவிலேயே கோடு விழுந்தால் டிரைவர் மேல் பழியில்லை. அது அப்போது விழித்திருக்கவே இல்லை.

கேம் விளையாடும்போது மட்டும் திரை இருண்டு போகிறதா? சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகிக்கலாம். 200 வாட் கார்டு, சுவர் பிளக்கின் 230 வோல்ட் கணக்கில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. ஆனால் கிராபிக்ஸ் சிப்புக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வோல்ட். பவர் சப்ளை 12 வோல்ட்டாகத் தருவதைக் கார்டிலுள்ள சுற்றுகள் அந்த அளவுக்கு இறக்கும்போது, விரல் நகம் அளவுள்ள சிலிக்கானுக்குள் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும், பவர் சப்ளை கொஞ்சம் தடுமாறினாலும் கார்டு தாங்காது. தூசி படிந்த விசிறியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் இதே குறியைக் காட்டும். அவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

வீட்டில் சரிசெய்ய முடியாதது சிப்பின் அடியில் இருக்கிறது. அங்கே நுண்ணிய சால்டர் மணிகள்தான் சிலிக்கானையும் பலகையையும் இணைக்கின்றன. சூடேறும்போது பலகை, சிலிக்கானைப் போல ஐந்து மடங்கு விரியும். 20 மில்லிமீட்டர் சிப் 50 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒருமுறை ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சால்டர் மணிகளிலும் அப்படித்தான் மெல்ல விரிசல் விழுகிறது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி சிப்கள் சிலவற்றில் இந்தப் பகுதிப் பொருள்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது.

அந்தக் காலத்தில்தான் கார்டை அடுப்பில் வைத்துச் சுடும் வைத்தியம் பரவியது. சுமார் 200 டிகிரி, பத்து நிமிடம். பல கார்டுகள் உயிர்த்தெழவும் செய்தன. ஆனால் ஈயமில்லாச் சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும். சூட்டில் விரிந்த விரிசல் முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவே. சில வாரங்களில் கோடுகள் திரும்பின. சமையல் அடுப்புக்குள் நச்சுப் புகை விட்டதுதான் மிச்சம்.

சுட்ட கார்டும் கடையில் சில நிமிடங்களுக்கு அழகாகப் படம் காட்டும். பழைய கார்டு வாங்கும்போது, கனமான கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மறுபடி போடச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டாவது முறையில்தான் குட்டு வெளிப்படும்.