முத்துப் பாரும் மூண்ட ஆசையும்

பிறன் செல்வத்தைக் கண்டு மனம் புழுங்குவது அழுக்காறு. அச்செல்வமே தனக்கு வேண்டுமென அவாவுவது வெஃகுதல். வள்ளுவர் இவ்விரண்டையும் விலக்குதற்கு அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். முன்னையது முற்றிப் பின்னையதாகும் வகையை அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. புத்தளத்துக்கு வடக்கே, கரைத்தீவுக்கு அப்பால் விரியும் கடலின் வரலாறே போதும்.

மன்னார் வளைகுடாவின் அடியில் மணற்பரப்பினிடையே முத்துச்சிப்பி படியும் பாறைத் தளங்கள் உள. அவற்றைப் 'பார்' என்பர். கரைத்தீவின் பெயர் தாங்கிய பாரும் அவற்றுள் ஒன்று. சலாபம் கூடும் காலத்தில் மரிச்சுக்கட்டி, சிலாவத்துறைக் கரைகளிலே ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே சில நாளில் எழும். சலாபம் முடிந்ததும் மறையும். தமிழகக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளர் வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பெற்ற 'கடல்கட்டி' மந்திரம் ஓதுவார்; அவருக்கும் சிப்பியிற் பங்குண்டு.

மூன்றில் ஒரு பங்கு குளியாளருக்கு, எஞ்சியது அரசினருக்கு. அரசினர் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்குமுன் சிப்பியைத் திறந்து பார்க்க வழியில்லை. ஆகவே அங்கே விலையை உயர்த்தியது கண்ணாற் கண்ட முத்தன்று. நேற்று அயலானுக்கு நல்முத்து அகப்பட்டதாம் என்ற பேச்சே.

வாங்கிய சிப்பியை அழுகவிட்டுக் கழுவுவர். கழுவும் கூலியாள் முத்தை விழுங்கிவிடுவான் என்று கடுங்காவல் வேறு. அவன் களவை விரித்தெழுதிய மேனாட்டார் அவன் கூலியை அவ்வளவு விரித்தெழுதினாரில்லை.

1891க்குப் பின் 1903 வரை பார்கள் வறிதே கிடந்தன. பின்னர் வளம் திரும்பியது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசினர் பெற்றது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா! இச்செய்தி கேட்டோர் வாளாவிருப்பரோ? மறு ஆண்டே ஆங்கிலக் கம்பெனியொன்று, ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகையாக, 20 ஆண்டுகளுக்குப் பார்களைப் பெற்றது. 1906இலும் 1907இலும் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் நிறையுமுன்னரே கம்பெனியும் கலைந்தது.

பேராசையே பார்களை அழித்தது என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து படியவேண்டும். மணல் மூடினாலும், திருக்கை மேய்ந்தாலும் ஒரு படுகையே அழியும். தப்பியவை முதிர நாலைந்து ஆண்டுகள் செல்லும். இவையெல்லாம் மறைபொருளல்ல, பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இலேயே இங்கு வந்து ஆராய்ந்தார். அரசினர் பெற்ற ஒரு நல்ல ஆண்டின் வரவைக் கண்டு மயங்கி, அதனையே இருபது ஆண்டுகளுக்கும் எதிர்பார்த்ததில்தான் கம்பெனியாரின் பிழை உளதென்பது நம் கருத்து.

அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்த்த முத்துகள் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன.