சாகாத பையனைக் காப்பாற்றப் போன கதை

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு எட்டு நிமிட நாடகம் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது என் தப்புத்தான். பதினொரு பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரு வசனமாவது வேண்டும். சண்டை வேண்டும், ஆனால் வாள் கூடாது. அட்டையில் செய்த வாளும் கூடாது. அரங்கத்தை வாடகைக்குத் தருகிற பள்ளிக்கூடத்தின் சட்டம் அது.

நான் திருப்பத்தூர்க்காரி. வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். கலிபோர்னியாவின் சான் ரமோனுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகியும், அக்டோபர் 24 வந்தால் எங்கள் ஊர் மருதிருவர் மண்டபத்தில் கூட்டம் நெரிவது கண்ணில் வந்து நிற்கும். 1801இல் அந்தத் தேதியில்தான் சிவகங்கைச் சீமையை ஆண்ட பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அங்கே தூக்கிலிட்டார்கள். ஆண்டு விழாவில் ஏதாவது ஒரு வகுப்பு வருடந்தோறும் வேலு நாச்சியாரைப் போட்டுவிடுகிறது. நாம் மருதுவைப் போடுவோம் என்று வகுப்பில் கதையைச் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் ஒரு பெண் கை தூக்கினாள். “சின்ன மருதுவுக்குப் பையன் இருந்தானா டீச்சர்?”

இருந்தான், துரைசாமி என்று பெயர், பதினைந்து வயது என்கிறார்கள் என்றேன்.

“அப்ப அவன் மட்டும் எஸ்கேப் ஆயிட்டான்னு வெச்சுக்கலாமா? அனஸ்தாசியா மாதிரி?”

1997இல் வந்த அந்தக் கார்ட்டூன் படத்தை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். ரஷ்யப் புரட்சியில் ஜார் குடும்பமே கொல்லப்படுகிறது, கடைசிப் பெண் மட்டும் தப்பி, தான் யாரென்றே தெரியாமல் வளர்கிறாள். எனக்கும் பொறி தட்டியது. மூன்று நாள், வேலை முடிந்து அயர்ன் ஹார்ஸ் டிரெயிலில் நடக்கும்போதெல்லாம் கைப்பேசியில் பேசிப் பேசியே எழுதினேன். தூத்துக்குடியில் கப்பலேற்றும்போது துரைசாமி கடலில் குதிக்கிறான். முத்துக்குளிக்கும் ஒரு குடும்பம் அவனை ஒளித்து வளர்க்கிறது. தோளில் மச்சம். இருபது வருடம் கழித்து, வளைந்த எறிகருவியான வளரியோடு காளையார்கோவில் கோபுரத்தின் முன்னால் வந்து நிற்கிறான். முடித்துவிட்டு, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். “ஏத்தா, அவன்தான் சாகவே இல்லையே. சாகாத பையன நீ எதுக்குக் காப்பாத்துற?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பினாங்குக்கு நாடுகடத்தினார்கள் என்ற ஒரு வரியோடு பாடப்புத்தகம் நிறுத்தியிருந்த இடத்தில் நானும் நிறுத்தியிருந்தேன்.

அப்பா சொன்னதும் பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்தால் கதை இப்படிப் போகிறது. 1801 அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் விழுந்தது. மருதுகளின் ஆண் வாரிசுகளில் தூக்குக்குத் தப்பிய இந்தப் பையனையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைதிகளாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள். 1802 பிப்ரவரி 11ஆம் தேதி ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் புறப்பட்டது. போய்ச் சேர எழுபத்தாறு நாள். அதே கப்பலில் சிவகங்கையின் உண்மையான அரசரும் இருந்தார். வேங்கன் பெரிய உடையணத் தேவர், வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சியை மணந்தவர். அவரைப் பினாங்கிலிருந்து சுமத்ரா தீவின் பென்கூலனுக்கு மாற்றினார்கள். அங்கே மால்பரோ கோட்டைக் காவலில், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துபோனார். அவரை மையமாக வைத்து மு. ராஜேந்திரன் எழுதிய ‘காலா பாணி’ நாவலுக்கு 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஊருக்குப் போனவரிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்ததுகூட இந்த நாடகத்துக்காகத்தான்.

துரைசாமியைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவனைப் பிடித்த பக்கத்து ஆள் ஒருவர்தான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி ராணுவ அதிகாரி. போருக்கு முந்திய நல்ல நாட்களில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பெரிய மருது ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைப்பாராம் என்று எழுதி வைத்தவரும் அவர்தான். பிறகு அதே மனிதர் அவர்களை எதிர்த்துப் போரிட்டார். தூத்துக்குடியில் துரைசாமி கொஞ்ச காலம் அவருடைய காவலில் இருந்திருக்கிறான். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தபோது, தளர்ந்துபோன ஒரு கிழவர் அவர் அறைக்குள் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டார். வந்தவர் தன் பெயரை மட்டும் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கிழவருக்கு வயது முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 1830இல் லண்டனில் வெளியான தன் நினைவுக்குறிப்புகளில் வெல்ஷ் இதை மனம் கலங்கி எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு என் மச்சமும் முத்துக்குளிக்கும் குடும்பமும் எனக்கே கேலிக்கூத்தாகத் தெரிந்தன. ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. செத்துப்போன அனஸ்தாசியாவை உயிரோடு வைத்து உலகமே இத்தனை கதை எழுதியதே, உயிரோடு இருந்த துரைசாமியை ஏன் இத்தனை காலம் யாரும் தேடவில்லை?

எனக்குத் தோன்றுவது இதுதான்: உடலை ஒளிக்கிற இடத்தில்தான் இந்த வகைக் கதை முளைக்கிறது. 1918 ஜூலை 17 அன்று யெகாதரின்பர்கில் ஜார் குடும்பத்தைச் சுட்டவர்கள் உடல்களைக் காட்டில் மறைத்தார்கள். இரண்டே ஆண்டில் பெர்லினில் ஒரு கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட பெண், பின்னால் தன்னை அனஸ்தாசியா என்று சொல்லிக்கொண்டார். அன்னா ஆண்டர்சன் என்று அறியப்பட்ட அவர் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 1984இல் இறக்கும்வரை அவரை நம்பியவர்கள் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து நடந்த மரபணுச் சோதனை, அவர் போலந்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி என்று காட்டியது. 1991இல் தோண்டிய குழியில் இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் இல்லாததால் கதைக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கிடைத்தது. 2007இல் அவையும் அகப்பட்டுவிட்டன. பிரெஞ்சுப் புரட்சியில் சிறைக்குள்ளேயே 1795இல் இறந்த பத்து வயது இளவரசனுக்கும் இதே கதிதான். நான்தான் அந்தப் பையன் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் கிளம்பினார்கள். இந்தக் கூத்து எவ்வளவு பிரபலம் என்றால், மார்க் ட்வெயின் தன் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் அப்படிப்பட்ட ஒரு மோசடிக் கிழவனைப் படகிலேயே ஏற்றிவிட்டார்.

மருதுகளை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிலிட்டார்கள். துரைசாமி எங்கே போனான் என்பதற்குக் கப்பல் பெயரும் தேதியும் இருக்கின்றன. மர்மம் இல்லாத இடத்தில் கதாசிரியர்களுக்கு என்ன வேலை?

தமிழில் நமக்கும் இந்த ருசி உண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் பூக்கட்டும் சேந்தன் அமுதனை உண்மையான அரச வாரிசாக்கி கல்கி சிம்மாசனத்தில் உட்கார வைக்கவில்லையா? படிக்கும்போது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் சீமையில் நிஜமாகவே திரும்பி வந்த ஓர் அரசி இருக்கிறார். 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் மகளோடு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் எட்டு வருடம் அடைக்கலம் இருந்தார். 1780இல் அவர் சிவகங்கைக்குள் நுழைந்தது மச்சத்தைக் காட்டி அல்ல. ஹைதர் அலி கொடுத்த உதவியோடும் மருதுகள் திரட்டிய படையோடும். படை இல்லாதபோது வாரிசு யார் என்பதை எதிராளி முடிவு செய்துவிடுகிறான். 1801இல் கும்பினி, படமாத்தூர் கௌரி வல்லபரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து இவர்தான் சிவகங்கையின் உரிமையாளர் என்று அறிவித்தது. அதுவும் ஒரு ‘தொலைந்த வாரிசு’ கதைதான். எழுதியது மட்டும் வேறு ஆள்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் டப்ளின் பார்ட் ரயில் நிலையம். அங்கே ஏறினால் கடைசி நிறுத்தம் டேலி சிட்டி. அதற்கு அடுத்த ஊர் கோல்மா, கல்லறைகளுக்கென்றே பெயர்போனது. அங்கே செர்பியக் கல்லறைத் தோட்டத்தில் ஜாரின் சொந்தத் தங்கை மகன், இளவரசர் வசீலி அலெக்சாந்திரோவிச், அடக்கமாகியிருக்கிறார். 1919இல், பதினொரு வயதில், பாட்டியோடும் தாயோடும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கிரிமியாவைவிட்டுத் தப்பியவர். பிறகு கலிபோர்னியாவுக்கு வந்து, கப்பல் கட்டும் தளம், பங்குத் தரகு, கோழிப்பண்ணை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, 1989இல் வுட்சைடில் இறந்தார். புரட்சியிலிருந்து நிஜமாகவே தப்பிய ராஜகுமாரன் எழுபது வயதில் இந்த ஊர்ச் சாலைகளில் போயிருக்கிறார். அவரைப் பற்றி எந்தக் கார்ட்டூனும் வரவில்லை. கோழிக்குத் தீனி வைக்கும் இளவரசனுக்குப் பாட்டு எழுதுவது கஷ்டம்தான். அவரை ஏற்றி வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? மால்பரோ. சிவகங்கை அரசர் செத்த கோட்டைக்கும் அதே பெயர், அதே ஆங்கிலப் பிரபுவின் நினைவாக வைத்தது.

நாடகத்தைத் திரும்ப எழுதினேன். வாள் கூடாது என்ற சட்டம் கடைசியில் எனக்கு வசதியாகிவிட்டது. முதல் காட்சியில் சின்ன மருது வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுக்கிறார், பஞ்சு அடைத்த வளரி. இரண்டாவது, தூத்துக்குடிக் கரை. கப்பலேறுகிறவர்களின் ஊர்ப்பெயர்களைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பதினொரு பேருக்கும் வசனம் வந்துவிட்டது. மூன்றாவது, பினாங்கில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர்.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. “அவன் திரும்பி வந்து யாரையும் ஜெயிக்கவே மாட்டானா?” என்றாள். மாட்டான் என்றேன். அவளையே வெல்ஷாகப் போட்டேன்.

துரைசாமியாக நடிக்கும் பையனுக்கு வேறு பிரச்சினை. நரைமுடி டோப்பாவைக் கொடுத்ததும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். “முப்பத்திரண்டு வயசுதானே டீச்சர்? எங்க அப்பாவுக்கு நாற்பத்தி நாலு. அவருக்கே இவ்வளவு வெள்ளை இல்லை.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போட்டுக்கடா என்றேன்.

ஒத்திகையில் வெல்ஷ் கேட்டாள், “யார் நீங்க?” பையன் தலை நிமிராமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி, ஒரே சொல்லைச் சொன்னான்: “டொரைசாமி.” நாலு தடவை திருத்தினேன். நாலு தடவையும் ‘டொரை’தான். இங்கேயே பிறந்த நாக்கு.

அன்றிரவு அப்பாவிடம் புலம்பினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“விடுத்தா. பதினாறு வருசம் வெள்ளைக்காரன் அப்படித்தானே கூப்பிட்டிருப்பான். அவனுக்கே அதுதான் பழகியிருக்கும்” என்றார்.